ஓடினால் குளிர்கிறது, நின்றால் இல்லை: கம்ப்ரஸரை மாற்றலாமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஒரு பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். வண்டி ஓடும்போது ஏசி ஓரளவு குளிர்கிறது. சிக்னலில் நின்றாலோ நெரிசலில் ஊர்ந்தாலோ சில நிமிடங்களில் வெறும் காற்றுதான் வருகிறது. பதினான்கு மாதங்களில் இரண்டு முறை கேஸ் நிரப்பியாயிற்று. காற்றின் வேகமும் முன்போல் இல்லை. அண்மையில் விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கியபோது ஹீட்டரைப் போட்டேன். வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. இன்ஜின் வெப்பம் காட்டும் முள்ளும் வழக்கமான இடத்துக்குக் கீழேயே நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெரிசலில் ஒருமுறை இன்ஜின் சூடேறி, வழியில் ஒரு பட்டறையில் சரிசெய்துகொண்டேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. இப்போது வண்டியைப் பார்த்தவர், கம்ப்ரஸரை மாற்ற வேண்டும், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஃப்ளாப் மோட்டாரும் போயிருக்கலாம் என்கிறார். குளிரும் சரியில்லை, சூடும் சரியில்லை என்றால் இரண்டுக்கும் ஒரே காரணமா? கம்ப்ரஸரை மாற்றிவிடலாமா?

பதில்: கம்ப்ரஸரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அது கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. கெட்டுவிட்டது என்று காட்டும் ஓர் அளவீடுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. மாறாக, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெரிசலில் இன்ஜின் சூடேறியது என்ற வரி, மற்ற எல்லாவற்றையும்விட என் கவனத்தை இழுக்கிறது. அதற்கு வருமுன் உங்கள் முதல் கேள்வியைத் தீர்த்துவிடுவோம்.

காரில் குளிர் உண்டாகும் இடம் வேறு, சூடு உண்டாகும் இடம் வேறு. ஏசி என்பது கேஸ் சுற்றிவரும் மூடிய குழாய் அமைப்பு: கம்ப்ரஸர் அழுத்திக் கொடுக்க, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் கேஸ் தன் வெப்பத்தை விட்டுத் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வைக் கடந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது அங்கே வரும் காற்றைக் குளிர்விக்கிறது. ஹீட்டருக்கென்று பெட்ரோல் காரில் பெரும்பாலும் தனியாக எதுவும் இல்லை. இன்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் கூலன்ட்டில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ஹீட்டர் காயிலுக்குள் போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான். இரண்டுக்கும் பொதுவாக இருப்பவை, காற்றை ஊதும் ப்ளோயர், அதை ஒட்டிய கேபின் ஃபில்டர், குளிர்க்காற்றையும் சூட்டுக்காற்றையும் கலந்துவிடும் ஃப்ளாப் ஆகியவையே. ஆகவே இரண்டும் சேர்ந்து குறையும்போது ஃப்ளாப்பைச் சந்தேகிப்பதில் தவறில்லை. பாதி வழியில் சிக்கிக்கொண்ட ஃப்ளாப் குளிரையும் கெடுக்கும், சூட்டையும் கெடுக்கும். ஆனால் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பது ஃப்ளாப்புக்குத் தெரியாது. இன்ஜின் வெப்பமுள் தாழ்ந்து நிற்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் வண்டியின் இரண்டு முக்கியமான அறிகுறிகளையும் அதன் தலையில் கட்ட முடியாது என்பதால், டேஷ்போர்டைக் கழற்ற இப்போது அனுமதிக்காதீர்கள். ஒருமுறை கழற்றிய டேஷ்போர்டு பழையபடி சத்தமில்லாமல் உட்காருவது அபூர்வம்.

ஃப்ளாப்பைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்க ஒரு சோதனை போதும். ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, இன்ஜினையும் ஏசியையும் அணைக்காமல், வெறும் காற்று வரத் தொடங்கியதும் பானட்டைத் தூக்கி, டேஷ்போர்டுப் பக்கம் போகும் இரண்டு ஏசிக் குழாய்களில் தடித்ததை விரலால் தொட்டுப் பாருங்கள். அது சில்லென்று வியர்த்திருக்க, உள்ளே வரும் காற்று மட்டும் குளிராமல் இருந்தால், குளிர் உண்டாகிறது, கலக்கும் இடத்தில் கெடுகிறது என்று பொருள். தடித்த குழாயே வெதுவெதுப்பாக இருந்தால் கோளாறு டேஷ்போர்டுக்கு வெளியே இருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டாவதுதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

காற்றின் வேகம் குறைந்ததைத் தனியாகவும் முதலாவதாகவும் பாருங்கள். இதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை. பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்தித் தொங்கவிட்டால், பின்னால் ஒரு நீண்ட மூடி தெரியும். அதற்குள் கேபின் ஃபில்டர் இருக்கும். ஒன்பது ஆண்டு வண்டியில் அதை வெளியே இழுக்கும்போது முதலில் மடியில் விழுவது காய்ந்த இலைத் துணுக்குகள். பிறகு சாம்பல் நிறத்தில், மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன அட்டை போன்ற ஒன்று வரும். ஃபில்டர் இல்லாமல் ஒரு நிமிடம் ப்ளோயரை ஓட்டுங்கள். காற்று சீறிக்கொண்டு வந்தால் விடை கிடைத்துவிட்டது. புதியதைப் போடும்போது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். ஃபில்டரை எடுத்த பிறகும் காற்று வலுக்கவில்லை என்றால் கூலிங் காயிலின் முகத்திலேயே தூசி படிந்திருக்கும்; அதைப் பட்டறையில்தான் கழுவ வேண்டும். ப்ளோயரின் நான்கு வேகங்களில் கடைசி வேகம் மட்டும் வேலைசெய்தால், கெட்டிருப்பது வேகத்தைக் குறைத்துக்கொடுக்கும் ப்ளோயர் ரெசிஸ்டர், சிறிய செலவு.

இனி முக்கியமான விஷயம். கூலிங் காயிலில் வாங்கிய வெப்பத்தை ஏசி எங்காவது கொட்டியாக வேண்டும். கொட்டும் இடம் கண்டென்ஸர். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நிற்கும்போது கண்டென்ஸருக்கு ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. ஃபேன் சோர்ந்தாலோ, கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் சேறும் பூச்சிகளும் அடைத்துக்கொண்டாலோ, வெப்பம் வெளியேறாமல் கேஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மிகவும் ஏறினால் குழாய் வெடிக்காமல் இருப்பதற்காக அழுத்த சென்சார் கம்ப்ரஸரையே நிறுத்திவிடும். அந்தக் கணத்தில் உள்ளே இருப்பவருக்கு வருவதுதான் நீங்கள் எழுதியிருக்கும் ‘வெறும் காற்று’. வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர ஆரம்பிக்கும். அதே சமயம், தேய்ந்த கம்ப்ரஸரும், குறைந்துபோன கேஸும்கூட நிற்கும்போது குளிரைக் குறைக்கும் என்பதை மறைக்கக் கூடாது; ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றுகிறது, வண்டி ஓடும்போது வேகமாகச் சுற்றுகிறது. எனவே ‘ஓடினால் குளிர்கிறது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன: ஒன்று காற்று கூடுவது, மற்றொன்று இன்ஜின் சுற்று கூடுவது. உங்கள் வண்டியைப் பார்த்தவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே என் குறை.

பிரிப்பது எளிது. சமையலறையில் பயன்படுத்தும் கம்பி வெப்பமானி ஒன்றை நடுக் காற்றுத் துவாரத்துக்குள் செருகி, உள்காற்றுச் சுழற்சியை வைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, திறந்தவெளியில் வண்டியை ஐடிலில் விடுங்கள். காற்று வெதுவெதுப்பானதும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தி நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றில் மூன்று நிமிடம் பிடியுங்கள். கண்டென்ஸருக்குப் போகும் காற்று கூடவில்லை, கம்ப்ரஸரின் சுற்று மட்டுமே கூடியிருக்கிறது; இப்போது அளவு நன்றாக இறங்கினால் சந்தேகம் கம்ப்ரஸர் பக்கமும் கேஸ் பக்கமும் சாய்கிறது. இறங்காவிட்டால் மறுபடி ஐடிலுக்கு வந்து, வண்டியின் முன் கிரில் வழியாகக் கண்டென்ஸரின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே காற்று குளிர்ந்தால், கம்ப்ரஸர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, வெப்பம்தான் வெளியேற வழியில்லாமல் தவிக்கிறது என்பது உறுதி. தண்ணீர் ஊற்றுபவர் கையை ஃபேனுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. அது எந்த நொடியும் சுழலத் தொடங்கலாம். ஃபேன் பெல்ட்டில் ஓடும் பழைய அமைப்பாக இருந்தால் சுற்றை ஏற்றும்போது ஃபேனும் சேர்ந்து வேகமெடுக்கும் என்பதால் முதல் சோதனை ஒன்றையும் சொல்லாது. தண்ணீர்ச் சோதனையை மட்டும் நம்பலாம்.

ஃபேன் ஓடுகிறதே என்று பட்டறையில் சொல்லலாம். எப்போது ஓடுகிறது என்று கேளுங்கள். பல கார்களில் மின்சார ஃபேனுக்கு இரண்டு வேகங்கள் உண்டு: ஏசி போட்டதும் குறைந்த வேகத்தில் சுழல வேண்டும்; கூலன்ட் மிகவும் சூடானாலோ கேஸ் அழுத்தம் ஏறினாலோ முழு வேகத்தில் சுழல வேண்டும். குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோனால் முதல் வேலை நின்றுவிடும், இரண்டாவது வேலை மட்டும் மிஞ்சும். பார்ப்பவர் ஃபேன் சுழல்வதைக் கண்டு திருப்தியடைந்து போய்விடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது, ஆறிய இன்ஜினைக் கிளப்பி ஏசியைப் போட்ட ஓரிரு நிமிடங்களுக்குள் ஃபேன் சுழலத் தொடங்குகிறதா என்பதைத்தான். சுழன்றாலும் கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார் பாதி வேகத்தில்தான் ஓடும். ஃபேனைத் தொடாத தூரத்தில், ரேடியேட்டருக்குப் பின்னால் கையைப் பிடித்தால் ஃபேன் காற்று நன்றாக மோத வேண்டும்.

இப்போது அந்தப் பழைய வரிக்கு வருகிறேன். நெரிசலில் மட்டும் இன்ஜின் சூடேறுவது, ஓட்டத்தில் சூடேறாமல் இருப்பது, சோர்ந்த ஃபேனின் முதல் அடையாளம். அதே ஃபேன்தான் கண்டென்ஸரையும் குளிர்விக்கிறது. அன்று அந்தப் பட்டறையில் ஃபேனைச் சரிசெய்தார்களா, அல்லது வேறொன்றைச் செய்தார்களா என்பதே என் கேள்வி. சூடேறும் வண்டிக்கு அவசர வைத்தியமாக, இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் கூட்டை மட்டும் திரும்ப மாட்டி அனுப்பும் வழக்கம் நம் தொழிலில் உண்டு. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு மூத்தவர் சொன்னபடி அதைச் செய்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் போய்விட்டால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். நெரிசலில் சூடேற அதிக நேரம் பிடிக்கும். ‘தொல்லை தீர்ந்தது’ என்று உரிமையாளர் போய்விடுவார். ஆனால் குளிர்ந்த காலையில், அதுவும் இறக்கத்தில், இன்ஜின் அதிகம் உழைக்காமல் எதிர்க்காற்று மட்டும் அடிக்கும்போது, கூலன்ட் சூடாகவே ஆகாது. முள் தாழ்ந்து நிற்கும். ஹீட்டர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். நீங்கள் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து அதுதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: கூலன்ட் சூடாகாதபோது ஃபேனின் முழு வேகத்தைத் தூண்டுவதற்கான காரணங்களில் ஒன்று இல்லாமல் போகிறது, ஆகவே ஏசிக்கு அந்த வழியிலும் உதவி கிடைக்காது. நீங்கள் கேட்டபடி இரண்டுக்கும் ஒரே தொடக்கம் இருக்கலாம். ஆனால் அது டேஷ்போர்டுக்குள் இல்லை, ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிறது.

இது என் ஊகம். சோதித்துப் பார்த்த பிறகே நம்புங்கள். இரவு முழுவதும் ஆறிய வண்டியைக் காலையில் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை அவ்வப்போது தொடுங்கள். தெர்மோஸ்டாட் இருந்து, ஒழுங்காக மூடியிருந்தால், சில நிமிடங்கள் ஹோஸ் குளிர்ந்தே இருந்துவிட்டு, கூலன்ட் 82 முதல் 90 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது சட்டென்று சுடும். கிளப்பியதிலிருந்தே ஹோஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது அல்லது இல்லவே இல்லை. சில இன்ஜின்களில் அது கீழ் ஹோஸின் பக்கம் இருக்கும். அங்கே அதே சோதனையைக் கீழ் ஹோஸில் செய்ய வேண்டும். ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் பி0128 என்ற குறியீடு பதிவாகியிருக்கிறதா என்றும் கேட்கலாம். கூலன்ட் எட்ட வேண்டிய வெப்பத்தை எட்டவில்லை என்பதை இன்ஜின் கம்ப்யூட்டர் அந்தக் குறியீட்டால்தான் சொல்கிறது. ஹீட்டருக்காக மட்டும் இதைச் சரிசெய்யச் சொல்லவில்லை. ஆறிய இன்ஜின் தேவைக்கு மேல் பெட்ரோல் குடிக்கும், உள்ளே தேய்மானமும் கூடும்.

தெர்மோஸ்டாட் சரியாக இருந்து, முள்ளும் நடுவில் நின்று, ஹீட்டர் மட்டும் சூடாகவில்லை என்றால் வழி வேறு. ஹீட்டர் காயிலுக்குப் போகும், வரும் இரண்டு ஹோஸ்களையும் தொடுங்கள்; ஒன்று சுட்டு, மற்றொன்று ஆறியிருந்தால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது அதற்குமுன் வால்வு இருக்கும் வண்டியானால் அது மூடியிருக்கிறது. இரண்டுமே ஆறியிருந்தால் கூலன்ட் குறைந்திருக்கும் அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கும். முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாக மங்கி, உள்ளே இனிப்பான வாடை வந்தால் காயிலே கசிகிறது. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்காதீர்கள்; அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட் திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

கேஸைப் பற்றி. ஏசி கேஸ் பெட்ரோலைப்போல் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. ஆண்டுக்கணக்கில், குழாய் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளின் வழியாகச் சிறிது கசிவது உண்டு. பதினான்கு மாதங்களில் இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தால் லீக் இருக்கிறது, இல்லாவிட்டால் இரண்டாம் முறை நிரப்பியதே தேவையற்றது. இரண்டில் எது என்பதை எடை சொல்லும், அழுத்தத்தைக் காட்டும் கேஜ் சொல்லாது. இன்ஜின் நிற்கும்போது கேஜை மாட்டி ‘கேஸ் இருக்கிறது’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 30 டிகிரியில் ஆர்-134ஏ கேஸ், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும், திரவமாக ஒரு சொட்டு மிஞ்சியிருக்கும்வரை ஏறத்தாழ 97 பிஎஸ்ஐயைத்தான் காட்டும். ஆகவே உள்ளே இருப்பதை ரெகவரி மெஷினில் முழுவதும் உறிஞ்சி எடுத்து, எத்தனை கிராம் வந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஸின் வகையும் எடையும் இருக்கும். வந்த எடை அதைவிடக் குறைவாக இருந்தால் லீக்கைத் தேட வேண்டும்: கல் பட்ட கண்டென்ஸர், இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்க சீல் ஆகிய இடங்களில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய கறை தெரியும். அதிகமாக இருந்தால், கூடுதல் கேஸே அழுத்தத்தை ஏற்றி, சோர்ந்த ஃபேனின் பிரச்சினையை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. திரும்ப நிரப்புமுன் குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போட்டு, ஈரத்தையும் காற்றையும் வெளியேற்றி, வேக்கம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள எடையை மட்டும் ஏற்ற வேண்டும். லீக்கை அடைக்கும் மருந்து என்று எதையும் ஊற்ற விடாதீர்கள். அது வால்வையும் அடைக்கும், அடுத்தவரின் ரெகவரி மெஷினையும் கெடுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு கம்ப்ரஸர் மேல் சந்தேகம் மிஞ்சினால், இன்ஜின் ஓடும்போது கேஜில் இரண்டு பக்கமும் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். தாழ்வழுத்தப் பக்கம் இருக்க வேண்டியதைவிட உயர்ந்தும், உயரழுத்தப் பக்கம் இருக்க வேண்டியதைவிடத் தாழ்ந்தும், இரண்டு முள்ளும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால்தான் கம்ப்ரஸர் அழுத்தவில்லை என்று பொருள். இன்றைய பல கம்ப்ரஸர்களில் அப்போதும் கன்ட்ரோல் வால்வை மட்டும் மாற்றினால் போதுமானதாக இருக்கும். இரண்டுமே உயர்ந்திருந்தால் கண்டென்ஸர், ஃபேன், அல்லது கூடுதல் கேஸ். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. கம்ப்ரஸர் உண்மையிலேயே உள்ளே தேய்ந்து எண்ணெயில் உலோகத் துகள் வந்திருந்தால், கண்டென்ஸரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் அப்படியே விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரஸரை மாட்டக் கூடாது. பழைய துகள்கள் புதியதையும் தின்றுவிடும்.

வேலையின் வரிசை ஒன்றை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஃபேனையும் கண்டென்ஸரையும் சரிசெய்து, தண்ணீர் ஊற்றாமலே ஐடிலில் காற்று குளிர்கிறது என்பதை வெப்பமானியில் பார்த்த பிறகுதான் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தச் சொல்ல வேண்டும். முன்னதாகப் பொருத்தினால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறைத்துவைத்த சூடு முதல் நெரிசலிலேயே திரும்பிவரும். தெர்மோஸ்டாட் மறுபடி குப்பைக்குப் போகும். பொருத்தும் அன்று கூலன்ட்டை நிரப்பும்போது ஹீட்டர் திருகை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சுட்டு ஃபேன் ஒருமுறை தானாகச் சுழன்று நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு, ஆறிய பிறகு மட்டத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காயிலில் காற்று தங்கினால் புதுத் தெர்மோஸ்டாட் போட்டும் ஹீட்டர் வெதுவெதுப்பாகவே இருக்கும்.